அம்புக்குறி இல்லாத தீவு

வீடியோ கேம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளும் சமாச்சாரம் அல்ல இது. கார் பந்தயமும் அல்ல. உங்களை ஒரு தீவில் இறக்கிவிட்டு, ‘போய்ப் பார்த்துக்கோ’ என்று ஒதுங்கிக்கொள்ளும் ஒரு விளையாட்டைப் பற்றிய விமரிசனம். பெயர், ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 3: மாரோவிண்ட்’. அமெரிக்காவில் மேரிலாண்டில் இருக்கும் பெதஸ்டா என்கிற நிறுவனம் 2002 மே மாதம் வெளியிட்டது.

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இருபது வருஷம் என்பது மனிதர்களுக்கு இருநூறு. பெரும்பாலானவை ஐந்து வருஷத்தில் மியூசியத்துக்குப் போய்விடும். இதை மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஆடுவதோடு நிற்காமல் அந்தத் தீவுக்குப் பக்கத்தில் புதுசாக நிலம் போட்டு, ஊர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. உங்கள் வீட்டிலேயே இப்படி ஒரு ஆசாமி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவனையோ அவளையோ திட்டுவதற்கு முன், உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் வகை. இதை ‘ஓப்பன் வேர்ல்டு ரோல் பிளேயிங் கேம்’ என்பார்கள். ரோல் பிளேயிங் என்றால் வேஷம் கட்டுவது. நீங்கள் திருடனா, மந்திரவாதியா, வாள் சுழற்றுபவரா என்று முடிவு செய்துகொண்டு, அதற்கேற்றபடி ஆடவேண்டும். ஓப்பன் வேர்ல்டு என்றால் திறந்து கிடக்கும் உலகம். சாதாரண கேம்கள் ரயில் மாதிரி. ஒரு ஸ்டேஷன் முடித்தால்தான் அடுத்தது. இது ரயிலிலிருந்து இறங்கி, தண்டவாளத்தைக் கடந்து, பொட்டல் காட்டில் நடக்க ஆரம்பிப்பது.

திறந்து கிடந்தால் மட்டும் போதாது என்பதை பெதஸ்டா பட்டுத் தெரிந்துகொண்டது. வரிசையில் முதல் விளையாட்டு ‘அரீனா’, 1994. இரண்டாவது ‘டாகர்ஃபால்’, 1996. இரண்டாவதில் அவர்கள் பெருமையாகச் சொன்னது, ‘கிட்டத்தட்ட பிரிட்டன் அளவுக்கு நிலம்!’. நிஜம்தான். ஆயிரக்கணக்கில் ஊர்கள். ஆனால் அத்தனையையும் மனிதர்கள் கட்ட முடியுமா? சூத்திரம் எழுதி கம்ப்யூட்டரையே கட்டச் சொன்னார்கள். அது சளைக்காமல் கட்டித் தள்ளியது. ஊருக்கு ஊர் அதே சத்திரம், அதே கோயில், அதே முகம். பத்து ஊர் பார்த்தபின் பதினோராவது ஊருக்குப் போக ஒரு காரணமும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அடுத்தடுத்து வந்த விளையாட்டுகள் சரியாகப் போகாமல் நிறுவனமே தள்ளாடியது. இதுவும் ஊத்திக்கொண்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்கிற நிலையில் செய்ததுதான் மாரோவிண்ட். திட்டத் தலைவர் டாட் ஹோவர்ட். தலைமை வடிவமைப்பாளர் கென் ரோல்ஸ்டன். இவர் முன்பு, மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கற்பனை விளையாட்டுகளை எழுதிக்கொண்டிருந்தவர். இந்த முறை பிரிட்டன் வேண்டாம், ஒரே ஒரு தீவு போதும்; ஆனால் கல்லையும் செடியையும் ஜாடியையும் கையால் வைப்போம் என்று முடிவெடுத்தார்கள். டாகர்ஃபாலுக்குப் பக்கத்தில் வைத்தால் இந்தத் தீவு ஒரு கடுகு.

கடுகு எப்படிப் பெரிசாகத் தெரிகிறது என்பதில்தான் சூட்சுமம்.

தீவின் பெயர் வார்டன்ஃபெல். நடுவில் ஒரு எரிமலை, சுற்றிச் சாம்பல் காடு. அங்கங்கே தீக்குழம்பு ஓடி அறுத்த பள்ளத்தாக்குகள். எதிரே இருக்கும் ஊருக்கு நேராகப் போக முடியாது, மலை மறிக்கும். சுற்றித்தான் போகவேண்டும். நடையோ ஆமை நடை. தவிர, எப்போதும் ஒரு மூடுபனி. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களால் தொலைதூரத்தை வரைய முடியாது என்பதற்காகப் போட்ட பனி அது. இன்றைக்கு ரசிகர்கள் புதிய மென்பொருள் எழுதி அந்தப் பனியை விலக்கிவிட்டார்கள். விலக்கிப் பார்த்தால், அய்யய்யோ! அரை நாள் பயணம் என்று நினைத்திருந்த நகரம் அடுத்த தெருவில் இருக்கிற மாதிரி நிற்கிறது. தீவு சுருங்கிப் போகிறது. பார்வையை மறைத்ததால்தான் உலகம் பெரிதாக இருந்திருக்கிறது. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கதைக்கு வருவோம். நீங்கள் ஒரு கைதி. என்ன குற்றம் என்று கடைசிவரை சொல்ல மாட்டார்கள். ஸேய்டா நீன் என்ற சேற்றுக் கரை ஊரில் கப்பலிலிருந்து இறக்குகிறார்கள். ஒரு குமாஸ்தா உங்கள் பெயர், ஜாதகம், தொழில் விசாரித்து ரிஜிஸ்தரில் எழுதிக்கொள்கிறார். ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, ‘பால்மோரா என்ற ஊரில் காயஸ் கோசாடிஸ் என்று ஒருத்தர் இருக்கிறார், அவரிடம் சேர்த்துவிடு’ என்கிறார்கள். கதவு திறக்கிறது. வெளியே சதுப்பு நிலம், தூறல், தூரத்தில் ஏதோ ஒரு மிருகத்தின் ஓலம். அவ்வளவுதான். இனி உங்கள் பாடு.

பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. எதிர்ப்பக்கம் நடக்கலாம். பொட்டலத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வேறு வேலை பார்க்கலாம். ஒழுங்காகப் போய்க் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். சக்கரவர்த்தியின் ரகசிய ஒற்றர் தலைவரான அந்த காயஸ், சட்டையில்லாமல் ஒரு ஒண்டுக்குடித்தன அறையில் போதைப்பொருள் குழாயோடு உட்கார்ந்திருக்கிறார். உங்களை ஏற இறங்கப் பார்க்கிறார். அவர் சொல்வதைத் தமிழில் சுருக்கினால் இப்படி வரும்: ‘தம்பி, நீ ரொம்பப் பச்சையா இருக்கே. எங்கேயாவது வேலையில சேர்ந்து நாலு இடம் பார்த்துட்டு, நாலு அடி வாங்கிட்டு அப்புறமா வா.’ உலகத்தைக் காப்பாற்ற வந்த ஹீரோவிடம் முதல் காட்சியிலேயே ‘அவசரம் இல்லை’ என்று சொல்லும் கதையை வேறெங்கு பார்த்தீர்கள்?

அந்த முதல் ஊரிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். ஸேய்டா நீனைவிட்டு வெளியே வந்து ஆற்றோரமாகச் சும்மா நடந்தீர்களானால், புல்லில் ஒரு பிணம் கிடக்கும். யாரும் உங்களை அங்கே அனுப்பவில்லை. குனிந்து பார்த்தால் ஊரின் வரி வசூல் அதிகாரி. இடுப்பில் வசூல் பணம், ஒரு கணக்குச் சீட்டு. பணத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம், யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் போய்ச் சொன்னால், கொன்றவனைக் கண்டுபிடி, சன்மானம் தருகிறோம் என்பார்கள். விசாரித்துப் போனால் ஒரு குடிசையில் கொலைகாரன் இருக்கிறான். அவன் மறுக்கவில்லை. ‘அந்த ஆள் ஏழைகளிடம் கூடுதலாகப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான், கேட்டதற்குச் சண்டைக்கு வந்தான்’ என்கிறான். நியாயம் மாதிரித்தான் படுகிறது. சரி என்று திரும்பினால், அங்கே கலங்கரை விளக்கத்தில் ஒரு பெண். செத்தவனைக் காதலித்தவள். அவன் விரலில் இருந்த மோதிரம் கிடைத்தால் கொடுங்கள் என்கிறாள். அந்த மோதிரம் கொன்றவனிடம் இருக்கிறது.

பாருங்கள், ஊருக்கு ஐந்து நிமிஷ நடையில் ஒரு சிறுகதை. கொள்ளைக்காரனா, கொலையுண்டவனா, காதலனா, யார் அந்த வரி அதிகாரி? மூன்று பேர் மூன்று ஆளைச் சொல்கிறார்கள். ஆற்றோரமாகப் போகாமல் நேர் ரோட்டில் போயிருந்தால் இந்தக் கதையே உங்களுக்கு இல்லை. பெரும்பாலானவர்கள் தவறவிடுவார்கள் என்று தெரிந்தே இதை எழுதி அங்கே வைத்திருக்கிறார்கள். அந்தத் தாராளம்தான் எனக்குப் பிடித்தது.

அதே ஊரிலிருந்து கொஞ்ச தூரம் போனால், வானத்திலிருந்து அலறிக்கொண்டே ஒரு மந்திரவாதி விழுந்து சாகிறான். அவனிடம் மூன்று மந்திர ஓலைகள், ஒரு டைரி. ஓலையைப் படித்தால் மலை தாண்டும் உயரத்துக்கு எகிறலாம். படித்து எகிறிவிடுகிறீர்கள். தீவு காலடியில் விரிகிறது, ஆகா என்கிறீர்கள். மந்திரம் வேலை செய்வது சில விநாடிகள்தான். இறங்கும்போது அது தீர்ந்திருக்கும். அவன் எப்படிச் செத்தான் என்பது உங்களுக்கு அப்போது விளங்கும். இறங்குவதற்குமுன் இரண்டாவது ஓலையைப் படிக்கவேண்டும் என்று எந்தக் குறிப்பும் வராது. கொஞ்சம் புத்தி இருந்தால் பிழைப்பீர்கள்.

இந்த விளையாட்டின் உயிர் வழி கேட்பதில் இருக்கிறது. திரையில் அம்புக்குறி கிடையாது. போகவேண்டிய இடத்தில் பளபளவென்று ஒரு புள்ளி கிடையாது. ஒருத்தரிடம் கேட்டால், ‘ஊருக்குத் தெற்கே போ, கோட்டைப் பக்கம் திரும்பு, பழைய பாலம் ஒன்று வரும், அதைத் தாண்டினால் மேட்டில் இடிபாடு தெரியும்’ என்கிற ரீதியில் சொல்வார்கள். அது உங்கள் குறிப்பேட்டில் பதிவாகும். நீங்கள் படித்துப் புரிந்துகொண்டு, இடத்தைப் பார்த்து நடக்கவேண்டும். சில சமயம் அவர்கள் சொல்லும் வழியே தப்பாக இருக்கும். எழுதியவர்கள் கிழக்கை மேற்காக்கிய கோளாறு. ஆனால் நிஜ உலகத்திலும் வழி சொல்பவர்கள் அப்படித்தானே?

பஸ் உண்டு. அதாவது, சில்ட் ஸ்ட்ரைடர் என்று பனைமர உயரத்துக்கு ஒரு பூச்சி. அதன் முதுகு ஓட்டைக் குடைந்து, உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். இது சில ஊர்களுக்குத்தான் போகும். மற்றவற்றுக்குப் படகு. மந்திரவாதிகள் சங்கத்தில் சேர்ந்தால், ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு நொடியில் அனுப்புவார்கள். பத்து மணி நேரம் ஆடினால் இந்த ரூட்டெல்லாம் மனப்பாடம். எந்த ஊரில் இறங்கி எதைப் பிடித்தால் எங்கே போகலாம் என்று யோசிக்காமலே வரும். ஓர் ஊர் நம்முடையதாவது அப்படித்தான். டெல்வானி என்ற மந்திரவாதிக் குலத்தார் ராட்சசக் காளான்களுக்குள் மாளிகை கட்டியிருக்கிறார்கள்; அவற்றில் மேல்மாடிக்குப் படிக்கட்டே இல்லை. மிதக்கத் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று அர்த்தம். எழுதி வைக்காமலே சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது விமரிசனத்தின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். ஸேய்டா நீனுக்குப் பக்கத்திலேயே ஒரு குகை. கடத்தல்காரர்களின் பதுங்குமிடம். உள்ளே கையில் காப்பு மாட்டப்பட்ட அடிமைகள். இந்தத் தீவில் அடிமை வியாபாரம் சட்டபூர்வம். பூனை முகமும் பல்லி முகமும் கொண்ட இரண்டு இனத்தாரைப் பிடித்து விற்கிறார்கள், தோட்டங்களில் வேலை வாங்குகிறார்கள். குகைக் காவலாளியிடம் சாவி. அதைப் பறித்து அவர்களை விடுவிக்கலாம். விட்டுவிட்டும் போகலாம். ‘விடுவி’ என்று யாரும் உத்தரவு போடவில்லை. விடுவித்தால் காசு கிடையாது, பட்டம் கிடையாது. அவர்கள் நன்றி சொல்வார்கள், அவ்வளவுதான்.

அங்கே ஒரு அம்புக்குறி போட்டு, ‘அடிமைகளை விடுவிக்கவும்: 0/3’ என்று திரை ஓரத்தில் காட்டியிருந்தால் எல்லாரும் விடுவித்திருப்போம். மூன்று முடித்து டிக் அடித்திருப்போம். ஆனால் அது கருணையா, கீழ்ப்படிதலா என்று நமக்கே தெரிந்திருக்காது. சொல்லாமல் விட்டதால்தான் அந்தக் குகையில் நீங்கள் செய்வது உங்களுடையது. ஓப்பன் வேர்ல்டின் சுதந்திரம் நிலத்தின் அளவில் இல்லை. யாரும் சொல்லாதபோது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பார்க்க ஒரு இடம் கிடைப்பதுதான் சுதந்திரம்.

மையக் கதையும் இதைத்தான் வேறு விதமாகப் பேசுகிறது. பழைய வீரன் நெரவார் மறுபிறவி எடுத்து வந்து தீவைக் காப்பான் என்று பூர்வகுடிகளிடம் ஒரு ஆரூடம். அந்த அவதாரத்துக்கு நெரவரீன் என்று பெயர். நீங்கள்தான் அது என்கிறார்கள். வழக்கமான கேமாக இருந்தால் மார்பை நிமிர்த்திக்கொள்ளலாம். இங்கே கொஞ்சம் தோண்டினால் வேறு மாதிரி இருக்கிறது. உங்கள் பிறந்த தேதியும், பெற்றோர் யாரென்று தெரியாததும் ஆரூடத்துக்குத் தோதாக இருந்ததால் சக்கரவர்த்தி உங்களைப் பொறுக்கி எடுத்து அனுப்பியிருக்கிறார். அதாவது, அரசியலுக்காக உருவாக்கப்பட்ட அவதாரமோ என்று சந்தேகம். பிறகு ஒரு குகைக்குப் போகிறீர்கள். அங்கே, உங்களுக்கு முன் ‘நான்தான் நெரவரீன்’ என்று நம்பி வந்து தோற்றுப்போன சிலர் ஆவிகளாக நிற்கிறார்கள். ஒவ்வொருவருடனும் பேசலாம். அவர்களும் உங்களைப்போல அடையாளங்கள் பொருந்தித்தான் வந்தார்கள்.

கடைசியில் வில்லன் டகோத் ஊர், சண்டைக்கு முன் நிதானமாகக் கேட்கிறான்: நீ நிஜமாகவே நெரவார்தானா? ஆமாம் என்று சொல்லலாம். இல்லை, என் உழைப்பால் வந்தவன் என்று சொல்லலாம். தெரியாது என்றும் சொல்லலாம். எந்தப் பதிலுக்கும் மார்க் இல்லை. விளையாட்டு முடிந்தபிறகும் உண்மையான பதிலை அது சொல்வதில்லை.

நெரவார் எப்படிச் செத்தான் என்பதும் அப்படியே. தீவெங்கும் நூற்றுக்கணக்கில் படிக்கக்கூடிய புத்தகங்கள் கிடக்கின்றன. கோயில் சொல்வது ஒரு கதை: போரில் பட்ட காயத்தால் இறந்தான். நாடோடிப் பூர்வகுடிகள் சொல்வது வேறு: கூட இருந்த மூவரே கொன்றுவிட்டு, அந்தப் பாவத்தால் கிடைத்த சக்தியில் தெய்வங்களாக உட்கார்ந்துகொண்டார்கள். அந்த மூவரில் ஒருவர் விவெக். தன் பெயரிலேயே உள்ள நகரத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறார், நேரில் போய்க் கேட்கலாம். அவர் சொல்லும் கதையை நம்புவதா என்பது உங்கள் இஷ்டம். சரித்திரம் என்பது யார் எழுதியது, எழுதியவருக்கு என்ன லாபம் என்று பார்த்துப் படிக்கவேண்டிய சங்கதி என்று பதினாறு வயசுப் பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தைவிட நன்றாக இது சொல்லிக் கொடுத்துவிடும்.

விதியை மீறலாமா? மீறலாம். கதைக்கு முக்கியமான ஆளைக் கோபத்தில் கொன்றுவிட்டீர்கள் என்றால் விளையாட்டு உங்களைத் தடுக்காது. ஆரூடத்தின் இழை அறுந்துவிட்டது, பழைய இடத்துக்குத் திரும்பு அல்லது நீ கெடுத்துக்கொண்ட உலகத்திலேயே தொடர்ந்து இரு என்கிற மாதிரி ஒரு அறிவிப்பு வரும். தொடர்ந்து இருந்தால் இருக்கலாம். விவெக்கையே கொன்றுவிட்டுக்கூட, தீவில் எஞ்சியிருக்கும் ஒரே குள்ள இனத்துக் கிழவரைத் தேடிப்பிடித்து, குறுக்கு வழியில் கதையை முடிக்கலாம். அதற்கும் வழி எழுதிவைத்திருக்கிறார்கள். நுணுக்கம் தெரிந்தவர்கள் மொத்த விளையாட்டையுமே சில நிமிஷங்களில் முடித்துக் காட்டுகிறார்கள்.

இனி குறைகள். இல்லாமலா?

சண்டை சகிக்காது. எதிரி மூக்குக்கு நேரே நிற்பான், வாள் அவன் உடம்பில் பட்டதைக் கண்ணால் பார்ப்பீர்கள், ஆனால் ‘தவறிவிட்டது’ என்று கணக்கு. உள்ளே ஒரு பகடை உருளுகிறது. ரோல்ஸ்டன் காலத்து மேஜை விளையாட்டுக்கு அது சரி. அங்கே வாள் கற்பனை. கண்ணெதிரே வாளைக் காட்டிவிட்டுப் படவில்லை என்றால் எரிச்சல்தான் வரும். புதுசாக ஆரம்பித்தவர்கள் பாதிப் பேர் முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு எலியிடம் தோற்று எழுந்து போய்விடுகிறார்கள்.

க்ளிஃப் ரேஸர் என்று ஒரு பறவை. அழகான மலைச்சரிவில் நின்று சூரியன் அஸ்தமிப்பதைப் பார்க்கலாம் என்றால் கிறீச்சென்று மூன்று வந்து கொத்தும். இதை இத்தனை எண்ணிக்கையில் வைத்தவரை ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை.

மனிதர்கள் அதைவிட மோசம். ராத்திரி பகல் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை. ஒரு விஷயத்தைப் பற்றிக் கேட்டால் பத்து பேரும் வார்த்தை மாறாமல் ஒரே பாராவை ஒப்பிக்கிறார்கள், கலைக்களஞ்சியம் விழுங்கிய மாதிரி. கல்லை அவ்வளவு அக்கறையாக வைத்தவர்கள் மனிதரை அப்படி வைக்கவில்லை. தவிர, அவசரமில்லை என்று சொன்ன அதே தாராளம் கதையைக் கெடுக்கவும் செய்கிறது. தீவையே கொள்ளை நோய் தின்கிறது, வில்லன் விழித்துவிட்டான் என்கிறார்கள். நீங்கள் மூன்று வருஷம் பூப்பறித்துக்கொண்டிருந்தாலும் அவன் எரிமலைக்குள் பொறுமையாகக் காத்திருப்பான். சுதந்திரத்தையும் பரபரப்பையும் ஒரே பானையில் சமைக்க இந்த வகை விளையாட்டுகளுக்கு இன்றுவரை வரவில்லை.

சரி, இவ்வளவு நல்ல யோசனையை அதே நிறுவனம் ஏன் தொடரவில்லை? அடுத்தது ‘ஆப்ளிவியன்’, 2006. அதில் திசைகாட்டி வந்துவிட்டது. போகவேண்டிய இடத்துக்கு அம்பு. ரசிகர்கள், ‘சோம்பேறிகளுக்காகச் செய்துவிட்டார்கள்’ என்று கோபித்தார்கள். ஆனால், காரணம் அவ்வளவு எளிதல்ல. மாரோவிண்டில் பேச்சு பெரும்பாலும் எழுத்து, படித்துக்கொள்ள வேண்டியது. ஆப்ளிவியனில் ஒவ்வொரு வரியையும் நடிகர்கள் பேசினார்கள். சக்கரவர்த்திக்குக் குரல் பேட்ரிக் ஸ்டூவர்ட். எழுத்தென்றால் பாலம், கோட்டை, மேடு என்று பத்து வரி விலாவாரியாக எழுதிவிடலாம். பேச்சென்றால் ஒவ்வொரு வரிக்கும் ஸ்டூடியோ, சம்பளம், டிஸ்கில் இடம். ஆகவே வாக்கியம் சுருங்கியது. ‘மேப்பில் குறித்துவிட்டேன்’ என்று ஒரு வரி. ஒரு அலங்காரம் உள்ளே வந்ததில் ஒரு அனுபவம் வெளியே போனது. 2011-ல் வந்த ‘ஸ்கைரிம்’ இதே பாதையில் போய் உலகப் புகழ் பெற்றது. அதன் மலைகள் அழகு, அதை மறுக்கவில்லை. ஆனால், அம்பை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். பல வேலைகளில் எங்கே போவதென்றே தெரியாது. வழி வார்த்தைகளில் இல்லவே இல்லை.

2010-களில் திறந்த உலகங்கள் ஏராளமாக வந்தன. மேப்பைத் திறந்தால் அம்மை போட்ட மாதிரி புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வேலை. முடித்து முடித்து அழித்துக்கொண்டே போகவேண்டும். ஆபீஸ் முடிந்து வந்து இன்னொரு ஆபீஸ். இது அலுத்துப் போனதால்தானோ என்னவோ, 2017-ல் நின்டெண்டோவின் ‘ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’ வேறு மாதிரி யோசித்தது: உயரமான இடத்தில் ஏறு, கண்ணால் பார், சுவாரஸ்யமாகப் பட்டதை நீயே குறித்துக்கொள். 2022-ல் ஜப்பானிலிருந்தே வந்த ‘எல்டன் ரிங்’ இன்னும் பிடிவாதம்: வேலைப் பட்டியலே கிடையாது. இரண்டையும் உலகம் கொண்டாடியது. மக்கள் சோம்பேறிகள், கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும் என்ற வியாபார நம்பிக்கை உடைந்தது. இருபது வருஷத்துக்கு முன் மாரோவிண்ட் வாசகனை எப்படி மதித்ததோ, அந்த மரியாதை சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

பெதஸ்டாவின் ஆறாவது எல்டர் ஸ்க்ரோல்ஸை 2018-ல் அறிவித்தார்கள். நடுவில் 2021-ல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது. 2025-ல் ஆப்ளிவியனுக்குப் புதுச் சட்டை தைத்துப் போட்டார்கள். மாரோவிண்டுக்கு அப்படி யாரும் செய்யவில்லை. செய்யாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. பனியை விலக்கி, முதல் வேலையாக அம்பைத்தான் போடுவார்கள்.

ஆட ஆசை இருந்தால் சில யோசனைகள். பழைய கம்ப்யூட்டர் போதும். விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, ரசிகர்கள் இலவசமாகத் தரும் ‘ஓப்பன் எம்டபிள்யூ’ மென்பொருளில் ஓட்டினால் இப்போதைய மெஷின்களில் தகராறு செய்யாது. ஆரம்பத்தில் ஏதாவது ஒரு ஆயுதத்தில் மட்டும் தேர்ச்சி வாங்குங்கள். பகடை கொஞ்சம் தயவு காட்டும். ஓடி ஓடிக் களைத்தபின் சண்டைக்குப் போகாதீர்கள். களைத்தவன் வீச்சு படாது. கையில் ஒரு நோட்டு, பென்சில். முக்கியமாக, வழி தெரியவில்லை என்று உடனே நெட்டில் தேடாதீர்கள். அரை மணி நேரம் தொலைந்து பாருங்கள்.

தொலைவது இப்போது அபூர்வமாகிவிட்டது. மொபைல் மேப்பைத் திறந்தால் நடுவில் ஒரு நீலப்புள்ளி, அது நாம். உலகம் நம்மைச் சுற்றித் திரும்பிக்கொள்கிறது. எங்கே போனாலும் நாம்தான் மத்தி. மாரோவிண்ட் முதலில் விற்பனைக்கு வந்தபோது டப்பாவுக்குள் தீவின் மேப் ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். நிஜக் காகிதத்தில். அதில் மலை இருக்கும், ஊர் இருக்கும், கடல் இருக்கும். நீங்கள் இருக்க மாட்டீர்கள். தலையைத் தூக்கி, எதிரே இருக்கும் மேட்டைப் பார்த்து, இது எந்த மேடு, நான் எங்கே நிற்கிறேன் என்று நீங்களேதான் கண்டுபிடிக்கவேண்டும்.

அதற்குத் திரையில் அம்புக்குறி கிடையாது. வெளியிலும் கிடையாது.